ஓசிக் கப்பல்

சென்னையிலிருந்து வர வேண்டிய நாடகப் புத்தகம் வரவில்லை. அதைக் கொண்டுவர வேண்டிய கப்பலே வரவில்லை. எஞ்சின் கோளாறு என்றார்கள். சென்னையில் ஸ்ட்ரைக் என்றார்கள். ஹேடோ ஜெட்டியில் எதைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆள் உண்டு. வெங்காயமும் தபாலும் இல்லாமல் போர்ட் பிளேர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. வங்காளத்துப் போர் முடிந்ததற்கு அடுத்த வருடம் அது. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்திய சுசீலா டீச்சர், ஆண்டு விழா நாடகத்தைப் பிள்ளைகளே உண்டாக்கட்டும் என்று முடிவு செய்தார்.

“ஒருத்தரை ஒருத்தர் என்ன சொல்லிக் கேலி பண்றீங்க? அதைச் சொல்லுங்க,” என்றார். “போர்டுல எழுதுவோம். அதை வெச்சே நாடகம் பண்ணுவோம். மறைச்சு வெச்சாத்தான் அது அழுக்கு. வெளியில போட்டா வெயில்ல காஞ்சிடும்.”

டீச்சர் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தீவில் எதுவும் வெயிலில் காய்வதில்லை, பாதி காய்வதற்குள் மழை வந்துவிடும் என்பது அவருக்கு இன்னும் பழகவில்லை.

வகுப்பு முதலில் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஜன்னலோரத்திலிருந்து ஒருவன் “பங்க்” என்றான். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் முதலில் பெயரைக் கேட்கமாட்டார்கள். “மெயின்லேண்டுலேர்ந்து எந்த கிளாஸ்ல வந்தே?” என்பதுதான் கேள்வி. கேபினில் வந்தவர்கள் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள். பங்க் என்பது கப்பலின் அடிவயிறு. இரும்புக் கட்டிலுக்கு மேல் இரும்புக் கட்டில், டீசல் நாற்றம், அதற்கு மேல் வாந்தி நாற்றம். அதில் வந்தவன் பள்ளியை விட்டுப் போகும்வரை பங்க்தான். தீவிலேயே பிறந்தவர்களையும் விடுவதில்லை. உன் அப்பா எதில் வந்தார் என்று கேட்பார்கள்.

பங்க்குக்குப் பின்னால் மற்றவையும் வந்தன. ‘கைதி பேரன்.’ வங்காளிச் சோறு என்று கேலி செய்யும் ‘பங்காளி பாத்.’ டீச்சர் ஒவ்வொன்றையும் குண்டு குண்டாக எழுதினார். பின் வரிசையிலிருந்து யாரோ “மீன்கூடை” என்றதும் ரீத்தாவுக்குக் காது சூடாகிவிட்டது. அவள் அப்பா மிக்கேல் கடலுக்குப் போகிறவர். அம்மா செல்வம்மாள் ஹேடோ குவார்ட்டர்ஸ் வாசல்களில் மீன் விற்பவள். இதுவரை காதில் மட்டும் விழுந்துகொண்டிருந்த சொல் இப்போது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றது.

“வேற?”

“ஓசிக் கப்பல்,” என்றாள் ஜெயலட்சுமி. சொன்ன சொல் தன்னுடையதல்ல, எங்கோ கேட்டது என்கிற பாவனையில் சொன்னாள். அவள் துறைமுக இன்ஜினியர் பக்தவத்சலத்தின் மகள். கேபினில் வந்தவள்.

ரீத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்திரமதி பென்சிலை எடுத்துக் கூர் பார்க்க ஆரம்பித்தாள். ஓசிக் கப்பல் என்ற பெயர் வகுப்பில் அவள் ஒருத்திக்கு மட்டும் உரியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அவளுடையது. தலைமன்னாரிலிருந்து ஒரு கப்பல், மண்டபத்தில் முகாம், சென்னையிலிருந்து இன்னொரு கப்பல். இரண்டுக்கும் சர்க்கார் சீட்டு. பங்க்கில் வந்தவனாவது தன் காசில் வந்தான் என்பது பிள்ளைகளின் கணக்கு.

நாடகம் மூன்று நாளில் உருவாகிவிட்டது. பெஞ்சுகளை அடுக்கி ஒரு கப்பல். மேல்தட்டில் கேபின்காரச் சீமாட்டி, கீழே பங்க்கில் ஓர் ஏழைப் பெண். சீமாட்டி அவளை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். ஏழைப்பெண் அழுதுகொண்டு ஓடுவாள். கடைசியில் கேப்டன் வந்து, புயலடித்தால் மேல்தட்டு கீழ்த்தட்டு எல்லாம் ஒரே தண்ணீருக்குள்தான் என்று புத்தி சொல்வார்.

கேப்டன் வேஷம் ஜெயலட்சுமிக்கு. அவள் அப்பாவால் நிஜத் தொப்பியும் ஊதலும் கொண்டுவர முடியும். ஏழைப் பெண் சந்திரமதி. “உன் கதைம்மா இது. நீ அழுதாலே போதும், சபை உருகிடும்,” என்றார் டீச்சர். ஏசுகிற சீமாட்டிக்கு யார் என்று பார்த்துக்கொண்டே வந்தவர் ரீத்தாவிடம் நின்றார்.

“உன் குரல் ஜெட்டி வரைக்கும் கேக்கும். முகத்துலயும் ஒரு முரட்டுக் களை இருக்கு. நீ பண்ணு.”

கேபினைக் கண்ணாலும் பார்த்திராத மீன்காரி மகள் சீமாட்டியானாள். அது ஏன் தன் மேல் வந்து விழுந்தது என்று ரீத்தா அன்று முழுவதும் யோசித்தாள். வகுப்பில் யாரும் அதை விசித்திரமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

முதல் ஒத்திகையில் அவளுக்கு வாய் குழறியது. “ஓசிக் கப்பல்ல வந்தவளுக்கு மெத்தை கேக்குதா?” என்பது வசனம். சந்திரமதியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. அவள் நெற்றிக்கு மேல், சுவரில் இருந்த ஆணியைப் பார்த்துச் சொன்னாள். நான்காவது ஒத்திகையில் ஆணி தேவைப்படவில்லை. இடுப்பில் கை வைத்து, ‘மெத்தை’யில் ஓர் இழுப்பு இழுத்தபோது பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். ஜெயலட்சுமியே அவள் தோளில் கை போட்டாள்.

“சூப்பர்டி. இன்னொரு வாட்டி பண்ணு!”

ரீத்தா இன்னொரு தடவை செய்து காட்டினாள். இத்தனை வருடத்தில் அந்தக் கூட்டம் அவளோடு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று டிபன் டப்பாவைத் திறந்தபோது யாரும் மூக்கைப் பொத்தவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே போனாள். பாதி வழியில்தான் சந்திரமதி கூட வரவில்லை என்பது உறைத்தது.

அதற்குப் பிறகு காரியம் கைமீறிப் போனது. இடைவேளையில் மூன்றாம் வகுப்புப் பொடிசுகள் இடுப்பில் கை வைத்து அதே இழுப்போடு அந்த வசனத்தைச் சொல்லித் திரிந்தன. அதுவரை ஒன்பதாம் வகுப்புக்குள் மட்டும் இருந்த பெயர் பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிட்டது. டீக்கடைப் பக்கம் தெலுங்குக்காரப் பையன்கள்கூட, பொருள் தெரியாமலே, “ஏ ஓசிக் கப்பல்! கஹாங் ஜா ரஹி ஹை?” என்று, எங்கே போகிறாய் என்பதை ஹிந்தியில் சேர்த்து, சந்திரமதியைப் பார்த்துக் கத்தினார்கள்.

ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் கூட்டமாயிருந்தது. சந்திரமதி குடத்தோடு முன்னால் நின்றாள். “தள்ளுளா, ஓசி…” என்று ரீத்தாவின் வாயிலிருந்து வந்தது. மேடையும் இல்லை, ஒத்திகையும் இல்லை. மீதியை விழுங்குவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

சந்திரமதி குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தாள். போகும்போது நின்றாள்.

“ஒண்ணு கேக்கட்டா புள்ள? டீச்சரு ஜெட்டிக்கே போயி எங்கப்பாவ நாடகத்துக்கு வரச் சொல்லிருக்காங்க. ஒங்க மகதான் கதாநாயகின்னு. அவரு லீவு சொல்லிட்டாரு.”

“நல்லதுதானளா.”

“என்னா நல்லது? அவருக்கு இது ஒண்ணும் தெரியாது. இங்க என்னைய எல்லாரும் மரியாதையா வெச்சிருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. கச்சால் தீவுல ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. நம்ம சனமெல்லாம் அங்கதான் போகுது, நாமளும் போயிருவோம்னு அவரு எப்பவோ சொன்னாரு. நாந்தான் இஸ்கூலு இஸ்கூலுன்னு இழுத்துப் புடிச்சி வெச்சிருக்கேன். அங்க அஞ்சாங் கிளாஸுக்கு மேல கெடையாதாம். இத அவரு காதால கேட்டாருன்னா மறுநா காலையில பேரு குடுத்துருவாரு. நான் ரப்பர்ப் பால் எடுக்கப் போவேன். அவ்வளவுதான்.”

ரீத்தா தன் குடத்தைக் கீழே வைத்தாள். “டீச்சர்ட்ட சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன். அழுகை வரலியான்னு கேட்டாங்க.”

மறுநாள் ரீத்தாவே போய்க் கேட்டாள். அந்த ஒரு வரியை எடுத்துவிடலாமா டீச்சர், வேறு ஏதாவது சொல்லி ஏசுகிறேனே. சுசீலா டீச்சர் பெஞ்சுக் கப்பலுக்கு நீலத் துணி தைத்துக்கொண்டிருந்தார். கண்களில் தூக்கமில்லாத சிவப்பு.

“அந்த வரிதான் நாடகத்துக்கு உயிரே, ரீத்தா. அதைக் கேட்டுச் சபை வெக்கப்படணும். உனக்கு இரக்கம் வருதுன்னா நாடகம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.” ஊசியைப் பல்லில் கடித்தபடி புன்னகை செய்தார். நல்லவர்தான். நல்லவராயிருந்ததால் அவரோடு சண்டை போடவும் வழியில்லாமலிருந்தது.

விழா நாள் வந்தது. கப்பலும் ஒருவழியாக வந்துசேர்ந்திருந்ததால் ஊரே உற்சாகத்தில் இருந்தது. ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர் என்பதால் நாடகம் மூன்றரைக்கு. சபையின் முன்வரிசையில் சிறப்பு விருந்தினராகத் தமிழ் தெரியாத ஓர் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில், காதோடு காதாக ஹிந்தியில் விளக்கம் சொல்லிக்கொண்டு பக்தவத்சலம். நடுவில் செல்வம்மாள், கூடையை வெளியே வைத்துவிட்டு. ரீத்தா படுதாவின் ஓட்டை வழியே கடைசி வரிசையைத் தேடினாள். சந்திரமதியின் அப்பா பழனிசாமி உட்காரவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு, தலையில் எண்ணெய் வைத்து வாரி, தூணருகில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஆளிடம் மேடையைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த ஆள் தலையாட்டினான்.

மைக் ஒன்றே ஒன்று. அதன் ஒயர் நீளம் போதாததால் மேடை நடுவுக்கு வராமல் ஓரப் படுதாவை ஒட்டி நின்றது. படுதாவுக்குப் பின்னால் வசனத் தாளோடு ஜெயலட்சுமி. கேப்டன் கடைசியில்தான் வருவார் என்பதால் அதுவரை அடி எடுத்துக் கொடுக்கிற வேலையும் அவளுடையதுதான். தலையில் அந்த வெள்ளைத் தொப்பி.

“பயமா இருக்காடி?” என்றாள்.

“இல்ல.”

“மெத்தைய நல்லா இழு. எங்கப்பாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

படுதா விலகியது. பெஞ்சுக் கப்பலைப் பார்த்ததுமே சபை கைதட்டியது. ரீத்தா மேலே ஏறிச் சாய்ந்து உட்கார்ந்தாள். கீழே சந்திரமதி துணி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். முதல் சில வசனங்கள் தாமாக வந்தன. சபை சிரித்தது. சந்திரமதி எழுந்து, மேலே பார்த்து, “அம்மா, தலை சுத்துது. ஒரு ஓரமா அந்த மெத்தையில ஒக்காந்துக்கட்டுமா?” என்றாள்.

இப்போது அந்த வரி.

ரீத்தா இடுப்பில் கை வைத்தாள். வாயைத் திறக்கவில்லை. சொல்லவில்லை என்றால் என்ன ஆகும் என்று பல நாளாக யோசித்தும் அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியும். தூணருகில் அந்த இஸ்திரிச் சட்டை அசையாமல் நின்றது.

சபையில் ஒரு குழந்தை இருமியது.

“ஓசிக் கப்பல்ல,” என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து ஜெயலட்சுமி கிசுகிசுத்தாள்.

ரீத்தா நகரவில்லை.

“ஓசிக் கப்பல்ல வந்தவளுக்கு!” இந்த முறை அதை மைக் பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் சொல் கரகரத்து வெளியே வந்தது. சபை நிமிர்ந்தது. படுதாவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது தெரியவில்லை. நாடகம் தன் கண்ணெதிரே கெட்டுப்போகிறது, கேப்டன் மேடைக்கு வராமலே போகப்போகிறார் என்ற பதற்றம் அவளுக்கு.

“ஓசிக் கப்பல்ல வந்தவளுக்கு மெத்தை கேக்குதா! சொல்லேண்டி! ஏ மீன்கூடை, வாயில என்ன கொழுக்கட்டையா? அந்த ஓசிய மூஞ்சிக்கு நேரா பார்த்துச் சொல்லுடி!”

நாடகத்தில் இல்லாத வசனம் அது. எந்த ஒத்திகையும் இல்லாமல் அத்தனை பிசிறில்லாமல் வந்தது. முன்வரிசையில் பக்தவத்சலம் விளக்கம் சொல்வதை நிறுத்தினார். அதிகாரி அவர் பக்கம் சாய்ந்து, “க்யா போலா?” என்ன சொன்னாள் என்று கேட்டார். செல்வம்மாளின் கை முந்தானையை வாயோடு அழுத்தியதை ரீத்தா பார்த்தாள். காதில் விழுந்த ‘மீன்கூடை’ தன் பெயர் என்பது அவளுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

சந்திரமதி அழ வேண்டிய இடம் அது. முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும். அவள் ஓடவில்லை. ஓரப் படுதாவின் பக்கம் திரும்பினாள்.

“ஜெயா,” என்றாள். “பலமா சொல்லு. கடைசியில தூணு பக்கத்துல எங்கப்பா நிக்கிறாரு. அவருக்குக் கேக்கணும். ஒரு வருசமா அவரு ஒருத்தருக்குத்தான் கேக்கல.”

யாரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியை நாடகத்தின் முடிவு என்று நினைத்த அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். “ஷாபாஷ்! பஹுத் அச்சா!” அவர் தட்டுவதால் மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று. யாரோ படுதாவை இழுத்தார்கள். கேப்டன் வரவேயில்லை. ஜெயலட்சுமி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். “நான் வசனத்தைத்தானே சொன்னேன்? டீச்சர், நான் வசனத்தைத்தானே சொன்னேன்?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பின்பக்கமாக வந்து, “என் பொண்ணு பேரை ஊர் முன்னால கெடுத்துட்டீங்களே, டீச்சர்,” என்றார் பக்தவத்சலம். கரும்பலகையில் எழுதியது சுசீலா டீச்சரின் கைதான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

பழனிசாமி வாசலில் காத்திருந்தார். மகளை ஒன்றும் கேட்காமல் நடக்கத் தொடங்கினார். சந்திரமதி பின்னால் போனாள். ரீத்தாவுக்கும் அதே வழிதான். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்க்காமலே முன்னால் போய்விட்டிருந்தாள். ரீத்தா பத்தடி விட்டு நடந்தாள். மரக்கிடங்குப் பக்கம் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. புதிதாக வந்த கப்பலிலிருந்து வெங்காய மூட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று அவர்களைக் கடந்து போனது. பழனிசாமி ஒதுங்கி நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

“நாளைக்குப் போயி கச்சாலுக்குப் பேரு குடுத்துட்டு வந்துர்றேன்,” என்றார்.

“நான் வரலப்பா.”

“அங்க நம்ம சனம். ஒருத்தனும் ஒன்னைய இப்பிடிச் சொல்ல மாட்டான்.”

“அங்க ஒம்பதாங் கிளாஸு இருக்காப்பா?”

அவர் பின்பக்கம் திரும்பினார். பத்தடி தள்ளி நின்றிருந்த ரீத்தாவைப் பார்த்தார்.

“நீதானே புள்ள அந்த ஏசுற பொம்பள?”

“ஆமா மாமா.”

“ஒனக்கு உள்ள வசனத்த நீ ஏன் சொல்லல? மறந்துட்டியா?”

“மறக்கல மாமா. நீங்க… ஒங்களுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு.”

பழனிசாமி சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“அப்ப இத்தனை நாளும் நான் வர்றப்பல்லாம் எல்லாரும் பேச்ச நிறுத்திக்கிட்டிருந்திருக்கீங்க. நான் என்னமோ மரியாதைன்னுல்ல நெனச்சேன்.” மகள் பக்கம் திரும்பினார். “தெனம் இதக் கேட்டுக்கிட்டா படிச்ச?”

“ஆமா.”

“இன்னமும் படிப்பியா?”

“படிப்பேன்.”

“பரீட்ச முடியட்டும். அப்பறம் பாப்போம்.” அது சம்மதமா, தள்ளிப்போடுவதா என்று குரலில் தெரியவில்லை. “ஆனா இனிமே யாரு என்னா சொன்னாலும் அன்னிக்கே எனக்குச் சொல்லணும். ஒண்ணு விடாம. சொல்லலேன்னு தெரிஞ்சுது, அடுத்த கப்பல்தான்.”

அவர் நடந்துவிட்டார். சந்திரமதி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் இரண்டடி வைத்தாள். ரீத்தா அவசரமாகக் கூட ஓடினாள்.

“ஏளா, காலையில வந்து கூப்பிடட்டா?”

சந்திரமதி நிற்காமலே சொன்னாள்.

“வேணாம். நானே வந்துக்கறேன்.”

“நான்தான் சொல்லலியே. கடைசியில நான் சொல்லவே இல்லியே.”

“இன்னிக்கிச் சொல்லல.” சந்திரமதி இப்போது நின்றாள். கோபமாக இல்லை, களைத்துப்போயிருந்தாள். “கொழாயடியில சொன்னத இன்னிக்கி ராவு அப்பாகிட்டச் சொல்லணும். ஒண்ணு விடாமன்னுட்டாரு. ஒம் பேரயும் சொல்லுவேன், புள்ள.”

ரீத்தா சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று சந்தேகமாயிருந்ததால், “சொல்லு,” என்றாள் வாய்விட்டு. சந்திரமதி அதற்குள் வளைவு திரும்பிவிட்டாள். ஜெட்டிப் பக்கம் விளக்குகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் அம்மா காத்திருப்பாள். முதலில் எதைக் கேட்பாள் என்பது ரீத்தாவுக்குத் தெரியும். எவ்வளவு காலமாக இந்த மீன்கூடைப் பெயர் என்று கேட்பாள். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலை, ஒரு வார்த்தை விடாமல், அவள் நடந்துகொண்டே மனதுக்குள் அடுக்கத் தொடங்கினாள்.